சூரனை ஆட்டும் ஊரில் சாமி கேம்

கோவிலுக்குள் புகுந்து தங்கச் சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான் கதாநாயகன். பின்னால் துரத்தி வருபவை பேய்க் குரங்குகள். ஓட ஓடக் காசு சேரும். விழுந்தால் மறுபடி முதலில் இருந்து ஓட வேண்டும். அமெரிக்காவில் ஒரு கணவனும் மனைவியும் தொடங்கிய சிறிய நிறுவனம் 2011 ஓகஸ்டில் வெளியிட்ட டெம்பிள் ரன் கேமின் கதை அவ்வளவுதான். அதுவும் அதன் அடுத்த பாகங்களும் சேர்ந்து நூறு கோடித் தடவைக்கு மேல் பதிவிறக்கப்பட்டதாக 2014இல் அந்த நிறுவனம் அறிவித்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில், நெல்லியடியில் இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகளில் பலர் தகப்பனின் போனை வாங்கி முதன்முதலில் விளையாடியது அதைத்தான். அனுமாருக்கு வடைமாலை சாத்தும் வீடுகளிலும் அந்தக் குரங்குகள் பேயாகத்தான் ஓடின. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ரியூசன் விட்டதும் நெல்லியடிச் சந்திப் பக்கம் போனால் இப்போதைய நிலவரம் தெரியும். சைக்கிளில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால், கையில் போன். நாலு பேர் சேர்ந்து பப்ஜி அல்லது ஃப்ரீ ஃபயர். பெற்றோரின் முறைப்பாடு எப்போதும் ஒன்றுதான்: கண் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது, டேட்டாக் காசு கரைகிறது. திரையில் என்ன படம் ஓடுகிறது, எந்தத் தெய்வம் எந்த வேடத்தில் வருகிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. எட்டிப் பார்த்தால் பழக்கப்பட்ட முகங்கள் பல அங்கே நிற்பதைக் காணலாம்.

அவை அங்கே புதிதாக வந்து சேர்ந்தவையும் அல்ல. 1998இல் வந்த டோம்ப் ரைடர் மூன்றாம் பாகம் இந்தியக் காட்டில்தான் தொடங்குகிறது. பாழடைந்த கோவிலுக்குள் லாரா குரொஃப்ட் இறங்குகிறாள். ஆறு கைகளில் வாள் ஏந்திய சிவன் சிலைகள் உயிர்பெற்று எழுகின்றன. அவள் அவற்றைத் துப்பாக்கியால் சுட்டு விழுத்திவிட்டுப் புதையலை நோக்கி நடக்கிறாள். 2017இல் வந்த அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி அதைவிட நாகரிகமான கேம். களம் மேற்குத் தொடர்ச்சி மலை. தேடப்படுவது ஹொய்சாளர் காலத்துப் பிள்ளையாரின் தந்தம். பேலூர், ஹளேபீடு என்று உண்மையான ஊர்களின் பெயர்களே வருகின்றன. கதாநாயகி குளோயியின் தகப்பன் இந்தியர். பரசுராமரின் மழுவால் பிள்ளையாரின் கொம்பு முறிந்த கதையை அவள் தன் கூட்டாளிக்குச் சொல்கிறாள். கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த ஊர்களில், கஜமுகாசுரன் மீது எறிவதற்காகப் பிள்ளையார் தானே முறித்த கொம்பு அது என்று ஒரு கிழவர் இடையில் திருத்தியிருப்பார். அது நல்ல வழக்குத்தான். ஆனால் கேமின் அடித்தளம் மாறவில்லை. கோவில் என்பது பூட்டிய பெட்டி, தெய்வச் சிலை என்பது அதன் திறப்பு, உள்ளே இருப்பது எடுத்துக்கொண்டு போவதற்கான சாமான்.

இந்தக் கற்பனைக்கு இரத்தமும் சதையும் உண்டு. தமிழ்நாட்டில் சிறீபுரந்தான் கோவிலில் இருந்து களவுபோன நடராசர் சிலையை அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. 2014இல் அந்த நாட்டுப் பிரதமர் அதை இந்தியப் பிரதமரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டி வந்தது. விளக்கு எரியாத ஒரு பழங்கோவில், ஆள் நடமாட்டம் இல்லாத இரவு, வெளிநாட்டில் காத்திருக்கும் காசு. இந்தக் களவின் திட்டமும் அந்தக் கேம்களின் திட்டமும் ஒரே அச்சில் வார்த்தவை. சமயச் சின்னங்களைக் கேம்கள் அவமதிக்கின்றன என்று கோபப்படுகிறவர் முதலில் கோபப்பட வேண்டிய இடம் இது. ஆனால் கோபம் வேறு இடத்தில்தான் வெடித்தது.

2009இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்காக ஹனுமான்: போய் வாரியர் என்ற கேமைச் செய்தது. அந்தக் கருவிக்கென்று முழுக்க முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கேம் என்று சோனி அதைக் கொண்டாடியது. அமெரிக்காவின் நெவாடாவில் இருக்கும் ராஜன் ஸெட், தம்முடைய இந்து அமைப்பின் பெயரில் எதிர்ப்பு அறிக்கை விட்டு, கேமைத் திரும்பப் பெறச் சொன்னார். அவருடைய வாதத்தின் சாரம் இது: பக்தர்கள் வணங்கும் அனுமாரை விளையாடுகிறவன் கையில் இருக்கும் பொத்தானும் பிடியும் ஆட்டிவைக்கின்றன, தெய்வம் மனிதனுக்குக் கட்டுப்பட்டு ஆடுவது இழிவு.

இந்த வாதத்தை ஐப்பசி மாதம் வடமராட்சியில் எந்த முருகன் கோவில் வீதியிலாவது நின்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

கந்தசஷ்டி ஆறாம் நாள் பின்னேரம். கோவில் வாசலில் முருகன் வேலோடு எழுந்தருளி நிற்கிறார். எதிரே சூரன். மரத்தில் செய்த பெரிய உருவம், உருட்டும் கண், முறுக்கிய மீசை, கையில் வாள். அதைத் தோளில் காவும் இளைஞர்கள் இருபது பேராவது இருப்பார்கள். சுவாமி காவ ஆள் போதாத கோவிலிலும் சூரன் காவுவதற்கு அடிபிடி நடக்கும். பறை அதிர, சூரனைச் சாய்த்து, நிமிர்த்தி, முன்னே ஓடிப் பின்னே வாங்கி, வீதி முழுக்க ஆட்டி வருவார்கள். முதலில் யானைமுகம். வேல் பட்டதும் அந்தத் தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கமுகத்தைப் பூட்டுவார்கள். அதுவும் விழுந்த பிறகு சூரனின் சொந்த முகம். பிறகு மாமரம். கடைசியில் சேவலும் மயிலும். தோற்கத் தோற்கப் புது உருவம் எடுத்து, ஒவ்வொரு உருவத்திலும் புதுப் பலத்தோடு வரும் எதிரி. கேம் விளையாடும் பெடியளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேம் உலகம் பிற்காலத்தில் கண்டுபிடித்த 'கடைசி பொஸ்' என்ற உத்தியைக் கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் காலத்துக் கதையும் நம்மூர்த் தச்சர்களும் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

அங்கே தெய்வத்தை ஆட்டுவது யார்? மனிதர்கள்தான். சூரன் அசைவதும் முருகன் முன்னே வருவதும் காவுகிறவர்களின் தோளில்தான். அதை இழிவு என்று எந்த ஐயரும் சொன்னதில்லை. காத்தவராயன் கூத்தை எடுத்துக்கொண்டாலும் இதேதான். மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து, விரதம் இருந்து, விடிய விடிய ஆடும் சிந்துநடைக் கூத்து அது. அம்மனாக ஆடுகிறவர் காலையில் சந்தையில் மரக்கறி விற்கிறவராகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருப்பார். காத்தான் கழுமரம் ஏறும்போது சனம் அழுகிறது. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவுக்கென்றே இருக்கும் பரமபதம், கட்டத்துக்குக் கட்டம் தெய்வமும் அசுரரும் பாம்பும் ஏணியுமாக வரைந்த பலகை. தாயம் உருட்டித்தான் வைகுண்டம் சேர வேண்டும். விளையாட்டுக்குள் தெய்வம் வருவது இந்த மண்ணுக்கு அந்நியம் என்று சொன்னால் அது வரலாறு தெரியாத பேச்சு. ஆறுமுக நாவலர் இருந்திருந்தால் இவற்றில் பாதியைக் கண்டித்திருப்பார் என்பது வேறு கதை. கோவில் வீதியில் சின்னமேளத்தையே பொறுக்காதவர் அவர்.

இத்தனைக்கும் ஸெட் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அவர் அதைப் பிடித்த இடம்தான் பிழை. சூரன்போரில் முருகன் தோற்பதில்லை. எத்தனை முறை ஆடினாலும், காவுகிறவர்கள் களைத்து விழுந்தாலும், முடிவு ஒன்றுதான். கேமில் அப்படி இல்லை. கைத்திறன் இல்லாத பையனின் கையில் அனுமார் குழியில் விழுவார், அடிபடுவார், சாவார், மறுபடி எழுவார். கூத்திலும் திருவிழாவிலும் தெய்வத்தின் கதையை மனிதன் நடத்திக் காட்டுகிறான். கேமில் கதையின் முடிவே அவன் கைக்கு வந்துவிடுகிறது. இழிவா, இல்லையா என்று கேட்பதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இதன் உச்சம் ஸ்மைட். அமெரிக்காவின் ஹை-ரெஸ் நிறுவனம் 2012இல் சோதனைக்கு விட்டு 2014இல் முழுமையாக வெளியிட்ட கேம் இது. கிரேக்கம், எகிப்து, சீனம், மாயா என்று உலகத்துத் தெய்வங்கள் நூற்றுக்கு மேல் ஒரே களத்தில் மோதும். காளி, அக்கினி, வாமனர், பிள்ளையார், இராமர் எல்லோரும் உண்டு. இராவணனும் உண்டு. நல்ல ஆட்டக்காரன் கையில் இராவணன் கிடைத்தால் இராமர் பிழைப்பது கஷ்டம். காளியை அரைகுறை உடையில் வரைந்தார்கள் என்று இங்கேயும் ஸெட் எதிர்ப்பைக் கிளப்பினார்; இம்முறை வேறு சமயத்தவர் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். காளியை நீக்க நிறுவனம் மறுத்துவிட்டது.

உடை விவகாரம் அத்தனை பெரிய விசயம் இல்லை. சிற்பங்களில் காளி எப்படி இருக்கிறாள் என்று பார்த்தவர்கள் அந்தக் கேமின் உடையைக் கண்டு அதிர மாட்டார்கள். உறுத்துவது வேறொன்று. அந்தக் களத்தில் ஸீயசும் தோரும் இருக்கிறார்கள். இயேசுவோ இஸ்லாத்தின் புனிதர் எவருமோ இல்லை. ஸீயசின் கோவில்களில் இன்று மணி அடிப்பதில்லை. அங்கே தெய்வங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. காளிக்கோ வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, வெட்டிய எலுமிச்சம்பழத்தில் விளக்கேற்றும் வீடு இன்னும் இருக்கிறது. செத்துப்போன சமயத்தையும் உயிரோடு இருக்கும் சமயத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் மட்டும் பயபக்தியோடு வெளியே விட்டது ஒரு கணக்கு. யாருக்குக் கோபம் வந்தால் வியாபாரம் கெடும், யாருக்கு வந்தால் கெடாது என்ற கணக்கு.

எல்லாவற்றிலும் இப்படிக் கணக்குத் தேட வேண்டியதில்லை. சிலவற்றில் வெறும் அறியாமைதான். ஜப்பானின் ஃபைனல் ஃபேண்டசி கேம்களில் 1990 முதல் 'ஷிவா' என்று ஒரு பாத்திரம் வருகிறது. அழைத்தால் வந்து எதிரிகளை உறையவைக்கும் பனிக்கட்டிப் பெண். அடி முடி காணாத சோதிப்பிழம்பாக நின்றவரை இப்படி உறைபனிப் பெண்ணாக்கியதைக் கேட்டால் திருமுறை ஓதும் பெரியவர் ஒருவர் கோபப்படுவதற்கு முன் சிரித்துவிடுவார். சிரித்துவிட்டுப் போவதுதான் சரி.

மற்றச் சமயத்தவர்களின் எதிர்ப்புகளுக்கு வேறு தரம் இருந்தது. 2008இல் குர்ஆன் சொற்கள் கலந்த ஒரு பாட்டுக்காக லிட்டில் பிக் பிளானெட் கேமின் வெளியீட்டையே சோனி உலகம் முழுக்கத் தள்ளிப்போட்டது. மான்செஸ்டர் தேவாலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடப்பதுபோல ஒரு கேம் காட்டியது. துப்பாக்கி வன்முறையால் இளைஞர்களை இழந்துகொண்டிருந்த நகரம் அது. அந்தத் துயரத்தை முன்னால் வைத்து 2007இல் இங்கிலாந்துத் திருச்சபை பேச, சோனி மன்னிப்புக் கேட்டது. இன்ன இடத்தில் இன்ன பிழை என்று விரல் வைத்துச் சொன்ன எதிர்ப்புகள் இவை. அதனால் பலித்தன.

நெல்லியடிப் பெடியள் விளையாடும் பப்ஜியிலேயே ஒரு சம்பவம் நடந்தது. 2020 யூனில் காட்டுப் பின்னணியில் ஒரு புது ஆட்டமுறை வந்தது. அதில் ஒரு குலக்குறிக் கம்பத்தின் முன்னால் பாத்திரம் குனிந்து வணங்கினால் பலம் கிடைக்கும். குவைத்திலும் சவூதியிலும் முஸ்லிம் இளைஞர்கள் கொதித்தார்கள். கேமுக்குள்ளேயே விக்கிரக வழிபாடு செய்யவைக்கிறார்கள் என்றார்கள். சில நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த அசைவை நீக்கியது. அதே காட்சி ஒரு சைவப் பிள்ளையின் கண்ணில் பட்டிருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. ஆலமரத்தடி வைரவரைக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். ஒரே திரை, ஒரே அசைவு, பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருவருக்கு இரண்டு பொருள். கேம் செய்கிறவன் யாரையும் நோகாமல் செய்துவிடலாம் என்று நினைப்பது வீண்.

அதற்காகத் தடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா பாடம். இயேசுவும் புத்தரும் குத்துச்சண்டை போடும் ஃபைட் ஒஃப் கோட்ஸ் என்ற தரங்கெட்ட கேமுக்காக 2017 செப்டெம்பரில் அந்த நாட்டு அரசு கேம் விற்கும் ஸ்டீம் தளத்தையே முடக்கியது. ஒரு கேமுக்காக ஆயிரக்கணக்கான கேம்கள் போயின. மறுநாள் தடை நீங்கியது. அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாதவர்கள் எல்லாம் அந்தக் கேமைத் தேடத் தொடங்கினார்கள்.

இலங்கையில் நிலைமை இன்னும் சிக்கல். கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்ததற்காக ஒரு பிரித்தானியப் பெண்ணை 2014இல் தடுத்துவைத்து நாடுகடத்தினார்கள். அது உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொல்லி நட்டஈடு கொடுக்கவைத்தது. 2019இல் சக்திக சத்குமார என்ற எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நாலு மாதமளவில் மறியலில் இருந்தார். 2023 மேயில் நதாஷா எதிரிசூரிய மேடையில் சொன்ன நகைச்சுவைக்காகக் கைதானார். இந்த இரு வழக்குகளிலும் பயன்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த வந்த சட்டம்தான் அது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மத உணர்வு பற்றிய குற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கேமில் வரும் சாமிப்படத்துக்கு எதிராகப் பொலிசைக் கூப்பிடும் பழக்கம் ஒருமுறை தொடங்கினால், கலிபோர்னியாவிலும் தோக்கியோவிலும் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒன்றும் ஆகாது. மாட்டப்போவது கரவெட்டியிலோ கொக்குவிலிலோ மடிக்கணினியோடு இருந்து முதல் கேமைச் செய்துபார்க்கும் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளை இராவணனை வைத்து ஒரு கேம் செய்தால்? வடக்கே இருந்து வரும் எந்த இராமாயணக் கேமிலும் இலங்கை எரிய வேண்டிய ஊர். தெற்கிலோ இராவணனைச் சிங்கள மன்னனாக்கும் இயக்கம் வலுத்து, 2019இல் விண்ணுக்கு அனுப்பிய சிறிய செய்மதிக்கே இராவணா-1 என்று பெயர் வைத்தாயிற்று. சைவருக்கு அவன் வேறு ஆள். திருகோணமலைப் பாறையில் இராவணன் வெட்டு இருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றுக் கதையில் தாய்க்குக் கிரியை செய்த மகன் அவன். சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டை வழக்கமாக அவனுக்கே ஒதுக்கியிருக்கிறார்: மலையை எடுத்துச் செருக்கழிந்து, பாடி அருள் பெற்றவன். அழிந்தும் அருள்பெற்ற ஒரு பாத்திரம்; எந்தக் கேம் எழுத்தாளனுக்கும் இதைவிட நல்ல சரக்குக் கிடையாது. இந்த மூன்று இராவணன்களுக்கும் நடுவில் ஒரு கேம் எழுதத் துணிவு வேண்டும். துணிகிறவனுக்குச் சட்டப் பயம் இருக்கக் கூடாது.

உள்ளே இருந்து செய்தால் வித்தியாசம் எப்படி இருக்கும் என்பதற்கு ராஜி நல்ல சான்று. புனேயின் நோடிங் ஹெட்ஸ் என்ற சிறிய குழு 2017இல் பொதுமக்களிடம் காசு திரட்டப் பார்த்துத் தோற்று, விடாமல் நின்று 2020இல் வெளியிட்ட கேம் அது. தம்பியை அசுரர் தூக்கிப்போக, தேடிப் போகும் கழைக்கூத்தாடிப் பெண் ராஜி. இதில் தெய்வத்தை யாரும் ஆட்டுவிப்பதில்லை. துர்க்கையும் திருமாலும் மேலிருந்து பேசிக்கொள்கிறார்கள், பெண்ணுக்கு வழி சொல்கிறார்கள். கோவில் சுவரோவியத்தின் அருகில் அவள் போய் நின்றால் அதன் கதையைச் சொல்கிறார்கள். இடையிடையே வரும் காட்சிகள் தோற்பாவை நிழலாட்டம்போல விரிகின்றன. ஆயுதங்கள் தெய்வங்கள் தந்தவை: முதலில் துர்க்கையின் திரிசூலம், பிறகு திருமாலின் வில். விழுந்தால் விழுவது ராஜி, தெய்வம் அல்ல. அனுமார் கேமில் இருந்த முடிச்சு இங்கே சத்தமில்லாமல் அவிழ்ந்துவிட்டது. கதை பாதியில் அறுந்ததுபோல முடிகிறது, சண்டை சில இடங்களில் சலிக்கிறது. அவை கைவேலைக் குறைகள். பக்தியும் விளையாட்டும் ஒரே பாயில் இருக்கலாம் என்பதை அந்தக் கேம் காட்டிவிட்டது.

ராஜி திரிசூலத்தை வாங்கும் கட்டம் வடமராட்சிக்காரருக்குச் சட்டென்று விளங்கும். இந்தப் பகுதியின் இரண்டு பெரிய கோவில்களிலும் மூலத்தானத்தில் இருப்பது தெய்வத்தின் ஆயுதம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேல். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அதற்குப் பூசை. வல்லிபுரத்தில் ஆழ்வாரின் சக்கரம். கடல் தீர்த்தத்தன்று மணல்வெளி முழுக்கச் சனம். இங்கே ஆயுதம் என்பது வெட்டுவதற்கு மட்டும் உள்ளது அல்ல, கையெடுத்துக் கும்பிடுவதற்கும் உள்ளது. போர் பார்த்த மண்ணில் இந்த வேறுபாடு சும்மா பேச்சில்லை. துப்பாக்கியைத் தவிர வேறு ஆயுதம் தெரியாத கேம் உலகத்துக்கு இந்த ஊர் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறதென்றால், அது இந்த இரண்டு மூலத்தானங்களில் இருந்துதான் தொடங்கும்.

சீனர்கள் தங்களுடையதைச் சொல்லிவிட்டார்கள். 2024 ஓகஸ்ட் 20இல் வெளியான பிளாக் மித்: வூகோங், குரங்கரசன் சுன் வூகோங்கின் பழங்கதை. மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றது. அதைச் செய்த கேம் சயன்ஸ் நிறுவனம் கோவில்களைக் கற்பனையில் வரையவில்லை. உண்மையான பௌத்தக் கோவில்களுக்கும் குகைகளுக்கும் போய்ச் சிலைகளையும் தூண்களையும் முப்பரிமாணத்தில் பதிவுசெய்து கேமுக்குள் கொண்டுவந்தது. 36 இடங்களில் 27 சாங்சி மாகாணத்தவை. கேம் வந்ததும் அதுவரை ஆள் அதிகம் போகாத அந்தக் கோவில்களுக்கு இளைஞர்கள் வரிசையில் வந்தார்கள். கோவில் உடைமையை எடுத்துக்கொண்டு ஓடும் கேம் ஒரு பக்கம், கோவிலுக்கு ஆளை அனுப்பும் கேம் மறுபக்கம். இரண்டிலும் இருப்பது சமயச் சின்னம்தான்.

டெம்பிள் ரன்னைத் தலைகீழாகத் திருப்பினால் வருவது ஈழத்தின் சொந்தக் கதை. போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கோவிலை இடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கோணேசர் கோவிலைக் கடலில் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடியவர்கள் களவெடுக்க ஓடவில்லை. புதைக்க ஓடினார்கள், கிணற்றில் இறக்க ஓடினார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிக் கோவில் இடிபாடுகளையும் ஒரு இலிங்கத்தையும் கண்டார். முந்நூறு ஆண்டு மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இருந்து திரும்பிய தெய்வங்கள். துரத்துகிறவர்கள் உண்டு, இருட்டு உண்டு, ஒளிக்க இடம் தேடும் பதற்றம் உண்டு. ஒரு கேமுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செய்ய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை இட்லி அவிப்பதில் தொடங்கிச் சொன்ன வெண்பா என்ற கேம், ரொறன்ரோவில் ஒரு சிறிய குழு செய்தது. அது 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருது பெற்றது. யாழ்ப்பாணத்திலும் மென்பொருள் படித்த இளைஞர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். யாழ் ஐ.டி. ஹப் போன்ற அமைப்புகள் அவர்களுக்குப் போட்டியும் பயிற்சியும் வைக்கின்றன. இல்லாமல் இருப்பது கோவிலுக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு பேச்சு.

பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் கோவில் பரிபாலன சபையினர். பழைய மர வாகனங்களும் சூரன் தலைகளும் பல கோவில்களில் வாகனசாலை மூலையில் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. புதிது செய்ததும் பழையதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நல்ல போன் கமராவும் இலவச மென்பொருளும் இருந்தால் ஒரு வாகனத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து முப்பரிமாண உருவாக்கிவிடலாம். ஆகமம் இதைத் தடுக்கவில்லை, பிள்ளைகள் கேட்பது வெளி மண்டபத்தில் இருப்பதைத்தான். மூலத்தானம் வேண்டாம், எந்த முகத்தை எந்த இடத்தில் காட்டக்கூடாது என்று ஐயரும் அண்ணாவியாரும் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். பிள்ளைகள் கேட்பார்கள். ஐப்பசியில் சூரன்போர் வருவதற்கு முன், அனுமதி கேட்டு வரும் பிள்ளைகளிடம் "என்ன விளையாட்டு இது" என்று சீறாமல், வாகனசாலைத் திறப்பை எடுத்துக் கொடுங்கள்.